பதினைந்து சுற்று, இடப்பக்கமாக

1966-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. முதல் நாள் பெய்த மழையின் ஈரம் மலேசியாவின் ஈப்போ நகரத்துச் சுண்ணாம்பு மலைகளுக்கு அடியில் மட்டும் வெள்ளை மூட்டமாகத் தங்கியிருந்தது. காற்று இல்லை. புதிதாகப் போட்ட தார் என் வெறுங்காலைச் சுட்டது. நான்கு குட்டிக் கார்கள் கொடி விழுவதற்காக உறுமிக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்று என் தாய்மாமன் செய்தது.

போன மாதம் என் பேரன் கைப்பேசியில் இதே மாதிரி கார்களைக் காட்டினான். எங்கோ வெளிநாட்டில், மேற்கூரை இல்லாத சின்னஞ்சிறு கார்கள், சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வட்டமடித்தன. "தாத்தா, இந்தக் காடிங்க எல்லாம் இப்ப மண்ணுலதான் ஓடுதுலா. தார் போட்ட எடத்துல ஓடுறது ரொம்பக் கொறைஞ்சிருச்சாம்," என்று புதுச் செய்தி போலச் சொன்னான். குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முதலில் நிறைய இருந்திருக்க வேண்டும். பாரிட் புந்தாரிலிருந்து தெற்கே எல்லை வரைக்கும் பேராக் மாநிலம் முழுவதும் எனக்குத் தெரியும். எழுபது வயது நெருங்குகிறது. குட்டிக் கார்கள் தாரில் ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு நாள். நான்கு கார், பதினைந்து சுற்று, ஏழு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அந்த ஒரு பந்தயத்தில் எங்கள் காரும் இருந்தது என்பதை அவனிடம் சொன்னேன். நம்பினானா என்று தெரியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவில் இருந்தது. அந்தப் பக்கத்துத் துரைமார்களில் சிலருக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். மோட்டார் சைக்கிள் இயந்திரத்தை ஒரு குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, நான்கு சக்கரம் மாட்டி, ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட மணல்வெளிகளில் ஓட்டுவார்கள். தார் அப்போது அரிய பொருள். சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலைக்குப் போட்டது போக மிச்சம் இருந்தால் துரை பங்களாவின் வாசலுக்குப் போடுவார்கள். பந்தயத்துக்கு யார் போடுவார்கள்? அந்த வருடம்தான் ஈப்போவின் ஓரத்தில் லாரிகள் நிறுத்துவதற்கென்று ஒரு பெரிய திடலுக்குத் தார் போட்டு முடித்திருந்தார்கள். திறப்பதற்கு இன்னும் சில வாரம் இருந்தது. அநாதைப் பிள்ளைகளுக்குப் பணம் திரட்டுவதாகச் சொல்லித் துரைமார்கள் அதை ஒரு நாளைக்கு வாங்கிவிட்டார்கள். குட்டிக் கார் வைத்திருக்கும் யாரும் ஓட்டலாம் என்று அறிவித்தார்கள்.

மாமா எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஃபிட்டர். பாலைத் தகடாக்கிப் புகை போடும் ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் கழித்துப் போட்ட பதினேழு குழாய்த் துண்டுகள், சின்னத் துரை மரத்தில் மோதி நொறுக்கிய மோட்டார் சைக்கிளின் இயந்திரம், ஈப்போ பழைய சாமான் கடையில் பொறுக்கிய நான்கு சக்கரம் ஆகியவற்றை வைத்து ஏழு மாதத்தில் அந்தக் காரைச் செய்தார்.

அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் நாற்பத்திரண்டு குடும்பம் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுப் போனதை நாங்கள் பார்த்திருந்தோம். ஈப்போவில் பட்டறை வைத்திருந்த சீன முதலாளி ஒருவர், நாங்கள் தவுக்கே என்போம், ஸ்டோர் இயந்திரத்தைப் பார்க்க வரும்போதெல்லாம் மாமாவின் வேலையைக் கவனிப்பார். மாமா அவரிடம் வேலை கேட்டிருந்தார். தவுக்கேயும் அந்தப் பந்தயத்துக்கு ஒரு கார் கொண்டுவருகிறவர். மாமாவின் குழாய்க் கூட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "லிமா பிளாஸ் பூசிங். ஹாபிஸ், டத்தாங்." பதினைந்து சுற்றை முடித்துக் காட்டினால் வேலைக்கு வா என்று அர்த்தம். ஜெயிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. முடித்தால் போதும்.

பந்தய விதிகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ஒரு தாளில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் லயத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போனது நான் ஒருவன்தான். எனக்குப் பத்து வயது. கோயில் கொட்டகையில் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து மாமா வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். கார்கள் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்ற இடம் வந்தது.

"கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தணும்னு போட்டிருக்கு," என்றேன்.

தோட்டத்து மேஸ்திரியும் கோயில் தலைவருமான மண்டோர் முகம் மலர்ந்தார். "அப்போ வலமா! நல்லதா போச்சுலா," என்றார்.

அவர் மகிழ்ந்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டத்தில் கார் ஓட்டிப் பழக மேடுபள்ளம் இல்லாத ஒரே இடம் மாரியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த செம்மண் திடல். அதில் ஓட்டுவதற்கு மண்டோர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "அம்மனை வலமாத்தான் சுத்தணும். எடமா ஒரு சுத்து சுத்தினாலும் காடியைத் தூக்கிச் சாக்கடைக் கான்ல போட்டுருவேன்." இப்போது வெள்ளைக்காரனே அம்மனுக்கு இசைவாக விதி எழுதியிருக்கிறான் என்று எல்லாருக்கும் பெருமை. அந்தத் தாளை அதற்குப் பிறகு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மாமா காரையே வலப்பக்கம் திரும்புவதற்கென்று மாற்றினார். அவர் அதை எனக்குக் காட்டிய விதம் இன்றும் கண்ணில் இருக்கிறது. ரப்பர் பால் பிடிக்கும் மண் கோப்பை ஒன்றைத் தரையில் படுக்க வைத்து விரலால் தட்டினார். வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பதால் அது நேராக உருளாமல், அடிப்பக்கம் உள்ளே இருக்கத் தானாக வட்டமடித்தது.

"பாத்தியா மருமவனே? சின்னப் பக்கம் உள்ள, பெரிய பக்கம் வெளிய. காடியும் அதான்."

வலப்பக்கம் இரண்டு சிறிய சக்கரம், இடப்பக்கம் இரண்டு பெரிய சக்கரம். திருப்பத்தில் கவிழாமல் இருக்க இயந்திரத்தையும் எண்ணெய்த் தொட்டியையும் வலப்பக்கமே வைத்தார். கார் அம்மனைச் சுற்றி அழகாக வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் எண்ணிய வரையில் அறுநூற்றுப் பதினான்கு சுற்று. ஒரு முறைகூடக் கவிழவில்லை. அத்தை, அதாவது மாமாவின் மனைவி, பால் மரத்திலிருந்து திரும்பும்போது காண்டாவைத் தோளில் வைத்தபடியே நின்று பார்ப்பார். காண்டா என்பது இரண்டு முனையிலும் பால் வாளி தொங்கும் கம்பு. "சாமிகூட வருசத்துல ஒரு நாள்தான் ஊர்வலம் போவுது. இவரு தெனம் போறாரு," என்று சொல்லிவிட்டு நடப்பார்.

பந்தய நாளன்று தோட்டத்து லாரியில் காரை ஏற்றிக்கொண்டு பதினொரு பேர் போனோம். திடலின் நடுவில் எண்ணெய்த் தோம்பு என்னும் இரும்புப் பீப்பாய்களை நீள்வட்டமாக நிறுத்தியிருந்தார்கள். என் காலடியில் ஒரு சுற்று முந்நூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்து வைக்கும் தூரம். இரண்டு துரைமார்களின் கார்கள் ஏற்கெனவே ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவை இடப்பக்கமாகச் சுற்றின.

தவுக்கேயின் காரும் கிளம்பி அதே பக்கம் போயிற்று. மாமாவின் சட்டைப் பையிலிருந்து தாளை உருவிப் பிரித்தேன். ஏழாவது விதி. ஒரு வரியின் கடைசியில் இடம் போதாமல் "ஆன்ட்டி" என்று போட்டுச் சிறு கோடு, அடுத்த வரியில் "கிளாக்வைஸ்." இரண்டும் சேர்ந்தால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். முதல் பாதி என்னவென்று எனக்குத் தெரியாததால் அன்று அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தேன். எல்லார் முன்னாலும் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

மாமா என் தோளுக்கு மேலாக அந்த வரியைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தை வாசிக்கத் தெரிந்திருந்தது. தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னாலா இது, எல்லாரும் எடமா சுத்துறானுங்க?" என்று மண்டோர் ஓடி வந்தார். "யாரு வாசிச்சது?"

"அவன் சரியாத்தான் வாசிச்சான் மண்டோரே. நான்தான் எடது வலது மாத்திப் புரிஞ்சிக்கிட்டேன்," என்றார் மாமா.

தம் காதாலேயே கேட்ட வாசகம் அது என்பதை மண்டோர் அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டார். "ஃபிட்டரு வேலை பாக்குறியே, எந்தக் கையில சோறு திங்கிறன்னாவது தெரியுமா?" என்று கத்தினார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுத் திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்தார்.

இருபத்திரண்டு நிமிடத்தில் நான்கு சக்கரத்தையும் பக்கம் மாற்றினார். இயந்திரத்தையும் தொட்டியையும் மாற்ற முடியாது. அவை சட்டத்தோடு பற்றவைத்தவை. மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். செம்மண்ணாக இருந்தால் சக்கரம் வழுக்கிக் காரைக் காப்பாற்றியிருக்கும். தார் வழுக்கவில்லை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் திருப்பத்திலேயே பாரமெல்லாம் வலப்பக்கம் சாய, இடப்பக்கச் சக்கரம் இரண்டும் ஒரு சாண் மேலே எழும்பின. மாமா உடனே நிறுத்திவிட்டார். இந்த நிலையில் ஓட்டினால் இரண்டாவது சுற்றைப் பார்க்க மாட்டார். தவுக்கே தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடது பக்கம் பாரம் வேணும்," என்றார் மாமா. "எண்பது கட்டியாவது வேணும். அதுவும் திருப்பத்துல காடிய விட்டு வெளிய சாயணும், நேர்ல உள்ள வரணும். மணல் மூட்டை அதைச் செய்யாது."

ஒரு கட்டி அறுநூறு கிராம். மண்டோர் நூற்று நாற்பது கட்டி. அவர் ஏறினால் கார் நகராது. என் அப்பா அறுபத்தைந்துகூட இருக்க மாட்டார்.

"நான் எண்பத்து நாலு," என்றார் அத்தை. "ஸ்டோர் தராசுல ஏறிப் பாத்திருக்கேன்."

"உனக்கு என்னா பைத்தியமா?" என்றார் மாமா.

"ரெண்டு வாளிப் பாலை காண்டாவுல மாட்டிக்கிட்டு ஒத்தப் பலகையில கான் தாண்டுறவ நான். எந்தப் பக்கம் சாயணும்னு எனக்குச் சொல்லித் தாரியா?"

மாமா தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். "காடியில ரெண்டு பேரு ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கா, பாரு."

பதினொரு விதிகள். மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு புள்ளியையும் விரல் வைத்து வாசித்தேன். தெரியாத இரண்டு சொற்களைத் தெரியாது என்றே சொல்லி, கொடி பிடித்திருந்த துரையிடம் போய்க் கேட்டு வந்தேன். "போடலை மாமா," என்றேன். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எத்தனையோ அரசாங்கத் தாள்களை வாசித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவ்வளவு கவனமாக எதையும் வாசித்ததில்லை.

அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடப்பக்கக் குழாயில் ஏறி உட்கார்ந்தார். மாமாவின் முதுகுக்குப் பின்னால் குறுக்காக ஒரு கம்பி போகும். அதில் வலது கையை முழங்கை வரை கோத்துக்கொண்டார். திடலே சிரித்தது. ஒரு துரை தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

"அம்மனை எதிர்ப்பக்கமா சுத்துற மாதிரி இருக்கேலா," என்று மண்டோர் புலம்பினார்.

"நடுவுல எந்த அம்மன் இருக்கு மண்டோரே? எண்ணெய்த் தோம்புதான் இருக்கு," என்றார் அத்தை.

கொடி விழுந்தது.

அப்பாவின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. முதல் சுற்று முப்பத்தாறு நொடி. திருப்பம் வரும்போது அத்தை தலை தாரைத் தொட்டுவிடுமோ என்ற அளவுக்கு வெளியே சாய்ந்தார். சக்கரம் எழவில்லை. நேரில் உள்ளே வந்தார். மறுபடி சாய்ந்தார். இரண்டாம் சுற்றில் சிரித்தவர்கள் நான்காம் சுற்றில் எழுந்து நின்றார்கள். ஆறாம் சுற்றில் ஒரு துரையின் கார், மணலில் ஓட்டும் பழக்கத்தில் திருப்பத்தை வேகமாக எடுத்து, தார் பிடித்துக்கொள்ள ஒரு தோம்பின் மேல் ஏறிக் கவிழ்ந்தது. அவர் காயமில்லாமல் தவழ்ந்து வெளியே வந்தார். ஒன்பதாம் சுற்றில் அத்தையின் கொண்டை அவிழ்ந்தது. பன்னிரண்டாம் சுற்றில் அவர் ஏதோ கத்தினார். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. மாமா வேகத்தைக் குறைத்தார். அத்தை இடது கையால் அவர் முதுகில் ஒரு அறை வைத்தார். மாமா மறுபடி வேகம் எடுத்தார். மண்டோர் தம்மை மறந்து, "சாய்லா! சாய்லா!" என்று தாமும் சாய்ந்து சாய்ந்து கத்திக்கொண்டிருந்தார்.

பதினைந்து. தவுக்கேயின் கார் முதலில், ஒரு துரையின் கார் இரண்டாவது, நாங்கள் மூன்றாவது. இரண்டாவதற்கும் எங்களுக்கும் நான்கு நொடி. இதில் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

தவுக்கே எங்களிடம் வந்து மாமாவின் கையைக் குலுக்கினார். "எப்போ வாரே?" என்று தமிழிலேயே கேட்டார். பிறகு அத்தையைக் காட்டி, "அந்த அம்மாவும் வேலைக்கு வருமா?" என்றார். எங்கள் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸில் ஐஸ் போட்ட சிவப்புச் சர்பத் வாங்கிக் கொடுத்தார். நான் ஒரே மூச்சில் குடித்தேன். அத்தை குடிக்கவில்லை. முந்தானையை வலது கையில் சுற்றிக்கொண்டு, கிளாஸை அந்த முந்தானைக்குள் வைத்து அணைத்துக்கொண்டே லாரியில் உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் முழுதும் கரைந்த பிறகு, "இந்தாடா கணக்கப்புள்ள, நீயே குடி," என்று கொடுத்தார். சில்லென்று இல்லாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மறுநாள் அத்தை பால் வெட்டப் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினைந்து நாள் லயத்திலேயே இருந்தார். எங்கள் பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை கொடுப்பார்கள். அத்தைக்குத் துரை சுற்றுக்கு ஒரு நாளாகக் கணக்குப் போட்டுப் பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார் என்று நானே முடிவு செய்து, வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். என் தவறு மாமாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் என்றும், மாமா அதைச் சிரித்தே தீர்த்துவிட்டார் என்றும் நினைத்தேன். "எடது வலது தெரியாத ஃபிட்டரு" என்ற பட்டம் மட்டும் அவரோடு ஈப்போ வரை போயிற்று.

அந்தத் திடல் அடுத்த மாதமே லாரிகளால் நிறைந்துவிட்டது. குட்டிக் கார்கள் மணலுக்குத் திரும்பிப் போயின. சில ஆண்டுகளில் அங்கும் இல்லை. எங்கள் தோட்டத்தை மறுவருடம் விற்றார்கள். அதற்குள் மாமா ஈப்போவில் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை எடுத்திருந்ததால், எங்கள் குடும்பத்து ஐந்து பேரும் தெருவில் நிற்காமல் அங்கே போய்ச் சேர்ந்தோம். நான் பள்ளியைத் தொடர்ந்ததும், பின்னாளில் குமாஸ்தா ஆனதும் அந்த அறைகளிலிருந்துதான்.

பதினெட்டு வயதில் முதல் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது அத்தை தோசை சுட்டுக்கொண்டிருந்தார். வலது கையின் உட்பக்கம், முழங்கைக்குக் கீழே, விரல் அகலத்துக்கு நீளமாக ஒரு பளபளப்பான தழும்பு. தினமும் பார்த்ததுதான். ஸ்டோரில் பால் உறைய வைக்கும் ஆசிட் பட்டது என்று எண்ணியிருந்தேன். ஏன் அன்று கேட்டேன் என்று தெரியவில்லை.

"அதுவா? உங்க மாமா காடி போட்ட சூடு," என்றார் தோசையைத் திருப்பிக்கொண்டே. "கைய கோத்திருந்தேனே, அந்தக் கம்பிக்கு அடியிலதான் புகைக் கொழா போச்சு. அஞ்சாவது சுத்துலேயே சேலையைத் தாண்டி ஏறிருச்சு."

"கைய எடுத்திருக்கலாமே அத்தை?"

"எடுத்தா யாரு சாயுறது?"

பத்து சுற்று. ஐந்து நிமிடத்துக்கு மேல். பால் வெட்டுகிறவர்கள் உளி பிடிக்கும் கை அது. பதினைந்து நாள் செக்ரோலில், கூலிக்கான வருகைப் பதிவேட்டில், அவர் பெயர் விழவில்லை. துரை விடுமுறை எதுவும் கொடுக்கவில்லை.

அன்று அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்தயம் நடந்த வருடம் தோட்டத்தில் ஒரு நாள் கூலி மூன்று வெள்ளி பத்து காசு. பதினைந்து நாளுக்கு நாற்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு. அதைச் சரியாக எண்ணி ஓர் உறையில் போட்டு அத்தையிடம் நீட்டினேன். அவர் உறையைக் கவிழ்த்து எண்ணினார்.

"இது என்னாடா, நாப்பத்தாறு அம்பது?"

கணக்கைச் சொன்னேன். அத்தை அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார். மாமா கூடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"அம்பதாக் குடுடா, கணக்கப்புள்ள," என்றார். "மீதி மூணரை வெள்ளி, அன்னிக்கு நீ வாசிக்காம விட்ட அந்த அரை வார்த்தைக்கு."

மாமாவைப் பார்த்தேன். அவர் அவசரமாக மேற்கூரையைப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து மூன்றரை வெள்ளி எடுத்து வைத்தேன். ஆக மொத்தம், எனக்கு ஆன செலவு ஐம்பது வெள்ளி.